அசெம்பிளி லைனில் கைத்தவறு குறைய, உற்பத்தி கூட: வரிசைப்படி ஒரு வழிகாட்டி

கோவைப் பக்கம் வீட்டு உபயோக மோனோபிளாக் பம்ப் (மோட்டாரும் பம்பும் ஒரே ஷாஃப்டில் இருப்பது) சேர்க்கும் சிறு லைன்கள் தெருவுக்குத் தெரு உண்டு. ஆறு மேசை, ஆறு ஆள், கடைசியில் ஒரு டெஸ்ட் பெஞ்ச். மோட்டாரில் சுற்றும் பாகமான ரோட்டாரில் பேரிங் ஏறும். அது சுற்றாத பாகமான ஸ்டேட்டர் பாடிக்குள் போகும். பிறகு ஷாஃப்ட் வழியாகத் தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல், தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர், அதை மூடும் கேசிங், கெபாசிட்டர் வயரிங். இப்படி ஒரு லைனில் தவறுகளைக் குறைக்க நான் செய்தவற்றை, செய்த வரிசையில் எழுதுகிறேன். உங்கள் லைனில் மிக்சியோ, கியர் பாக்ஸோ, வயரிங் ஹார்னஸோ ஓடலாம். படிகள் மாறாது.

லைன் பொறுப்பு புதிதாகக் கைக்கு வந்தவர்கள் செய்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. முதல் வாரமே ஜிக் (பாகம் சரியாக மட்டும் உட்காரும்படி செய்யும் பிடிமானம்) செய்யக் கிளம்பிவிடுவார்கள், அல்லது ‘கவனமாக வேலை செய்யவும்’ என்று போர்டு எழுதி மாட்டுவார்கள். போர்டால் எந்தப் பயனும் இல்லை. ஜிக் நல்லதுதான், ஆனால் அது ஏழாவது படி.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, வரிசை எண்ணும் நேரமும். ஒவ்வொரு மணி முடிவிலும் லைனை விட்டுப் போன கடைசி பம்பின் எண்ணை ஒரு நோட்டில் குறித்தால் போதும். ஆறு மாதம் கழித்து ஒரு பம்ப் திரும்பி வந்தால், அது எந்த நாள், எந்த மணியில் சேர்த்தது என்று தெரிய வேண்டும். இது இல்லாவிட்டால் கீழே உள்ளவற்றில் பாதி நடக்காது.

இரண்டாவது, ஒவ்வொரு மாடலுக்கும் இன்றைய தேதியில் சரியான பாகப் பட்டியல். ‘பழைய கேஸ்கெட் தீரும்வரை ஓட்டிக்கலாம்’ என்று ஸ்டோரில் யாராவது வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தால் அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாவது, அளவு சரிபார்த்த டார்க் ரெஞ்ச், அதாவது குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்.

நான்காவதுதான் கடினமானது. தன் தவறைத் தானே வந்து சொன்னவருக்கு மெமோ கிடையாது, இன்சென்டிவில் பிடித்தம் கிடையாது என்று மேலாளரிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். ஒருமுறை பிடித்தம் செய்துவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் எழுதும் கணக்கெல்லாம் பொய்க்கணக்குதான். தவறு நிற்காது, கண்ணில் படாமல் மட்டும் போய்விடும்.

2. முதலில் கணக்கு: ஒரு பம்புக்கு எத்தனை நிமிடம், எத்தனை பம்ப் முதல் தடவையே தேறுகிறது

எட்டு மணி நேர ஷிப்ட் என்றால் 480 நிமிடம். சாப்பாடு, இரண்டு டீ, காலையில் நின்று பேசுவது, மாலையில் கூட்டிப் பெருக்குவது எல்லாம் போக 420 என்று வையுங்கள். நாளைக்கு 140 பம்ப் வேண்டுமென்றால், 3 நிமிடத்துக்கு ஒன்று வெளியே வர வேண்டும். எந்த மேசையின் வேலையும் 3 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. நான் 2 நிமிடம் 40 விநாடிக்கு மேல் விடமாட்டேன். மூச்சுவிட இடமில்லாத மேசையில்தான் ஒரு வாஷர் விடுபடும்.

அடுத்த கணக்கு பலரும் போடாதது. ஒவ்வொரு மேசையிலும் நூற்றுக்கு 98 சரியாக வருகிறது என்றால் நல்ல லைன் என்றுதான் தோன்றும். ஆனால் ஆறு மேசையும் சேரும்போது 0.98-ஐ ஆறு முறை பெருக்க வேண்டும். விடை 0.886. அதாவது 140-ல் 124 பம்ப்தான் முதல் தடவையே தேறும். மீதி 16 பம்பைப் பிரித்துச் சேர்க்க ஒன்றுக்கு 20 நிமிடம் என்றால் 320 நிமிடம். ஒரு முழு ஆளின் ஷிப்டில் பெரும்பகுதி ரீவொர்க்கிலேயே போய்விடுகிறது.

‘தவறைக் குறைக்கப் போனால் உற்பத்தி குறையும்’ என்று சொல்லும் மேலாளரிடம் இந்தத் தாளைக் காட்டுங்கள். உங்கள் லைன் எண்களைப் போட்டே காட்டுங்கள். வேறு லைனின் எண்ணை யாரும் நம்பமாட்டார்கள்.

3. இரண்டு வாரம் எண்ண மட்டும் செய்யுங்கள்

டெஸ்ட் பெஞ்சிலும் ரீவொர்க் மேசையிலும் ஒரு தாள் ஒட்டுங்கள். நான்கு கட்டம் போதும்: என்ன தவறு, எந்த மேசை, எத்தனை மணி, எந்த மாடல். ஆள் பெயருக்குக் கட்டமே வேண்டாம். பெயர் எழுதினால் அன்று மாலையே தாளில் எழுதுவது நின்றுவிடும்.

இந்த இரண்டு வாரமும் எதையும் மாற்றாதீர்கள். கை பரபரக்கும். ஆனால் நடுவில் ஒன்றை மாற்றினால், எது எதனால் குறைந்தது என்று பின்னால் சொல்ல முடியாது.

‘லீக்’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். சீல் வழியாக லீக்கா, கேசிங் இணைப்பில் வைக்கும் கேஸ்கெட் வழியாகவா என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். முதலாவது மூன்றாம் மேசைக்காரருடைய வேலை, இரண்டாவது ஐந்தாம் மேசை. ஒரே வார்த்தையில் எழுதினால் இரண்டு காரணமும் கலந்துவிடும்.

4. அதிகம் விழும் ஒரு தவறை எடுத்து, அது நடக்கும் இடத்தில் நில்லுங்கள்

நான் வேலை பார்த்த கம்பெனி ஒன்றில், ஒரே மாதத்தில் மூன்று பம்ப் திரும்பி வந்தன. புகார் மூன்றிலும் ஒன்றே: மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. பிரித்துப் பார்த்தால் இம்பெல்லருக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் இருந்து இரண்டையும் பூட்ட வேண்டிய சின்னத் துண்டான கீ இல்லை. நட்டை இறுக்கியிருந்ததால் அந்தப் பிடியிலேயே இம்பெல்லர் சில நாள் சுற்றியிருக்கிறது. டெஸ்ட் பெஞ்சிலும் அதனால்தான் தேறிப் போயிருக்கிறது. பெஞ்ச் பிடிக்காத தவறுகளும் உண்டு என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். எடுக்க வேண்டிய முதல் தவறு அந்த வகையில் இருந்தால் இன்னும் நல்லது.

மணி நோட்டைப் புரட்டினால், மூன்றும் பகல் 11 மணிக்கும் 12 மணிக்கும் நடுவில் சேர்த்தவை. இம்பெல்லர் மேசையில் இருந்தவர் 14 வருட அனுபவக்காரர். மூன்று நாள் 11 மணிக்குப் போய் அவர் பக்கத்தில் நின்றேன். அவர் ஷாஃப்டைத் துடைப்பார், டப்பாவிலிருந்து கீ எடுத்துப் பள்ளத்தில் வைப்பார், இம்பெல்லர், வாஷர், நட். மூன்றாம் நாள் 11.20-க்கு ஸ்டோரிலிருந்து தள்ளுவண்டி வந்தது. துடைத்த ஷாஃப்டை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி, சீட்டில் கையெழுத்துப் போட்டு, வண்டிக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டு வந்தார். வந்தவர் கை நேராக இம்பெல்லரை எடுத்தது.

“அண்ணா, கீ போட்டுட்டீங்களா?”

“போட்டுட்டனுங்க தம்பி.” துளியும் சந்தேகம் இல்லாத குரல்.

கழற்றிப் பார்த்தோம். இல்லை. அவர் முகம் போன போக்கு இன்றும் நினைவிருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. ஒரு நாளில் 140 தடவை செய்யும் வேலையில், முந்தின பம்புக்குப் போட்ட கீயை மனசு இந்தப் பம்பின் கணக்கில் எழுதிவிடுகிறது. அவரிடம் ‘கவனமாக இருங்க’ என்று சொல்லி என்ன ஆகப்போகிறது?

நிற்கும்போது இரண்டு விதி. கையில் தாள், பேனா வேண்டாம். ஆள் விறைத்துக்கொண்டு புத்தகத்தில் உள்ளபடி வேலை செய்வார். அப்புறம், முதல் நாள் பார்த்ததை நம்பாதீர்கள். மூன்றாம் நாள்தான் நீங்கள் நிற்பதை அவர் மறப்பார்.

5. தவறு எந்த வகை என்று பிரியுங்கள்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். எந்தத் தவறு வந்தாலும் ‘மறுபயிற்சி அளிக்கப்பட்டது’ என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடுவார்கள். மருந்து ஒன்றுதான், நோய் நான்கு.

மறதி: கீ போட மறந்தது. தெரியும், விட்டுப்போச்சு.

கை தவறுதல்: அரை எச்.பி. கெபாசிட்டருக்குப் பதில் பக்கத்து டப்பாவில் இருந்த ஒரு எச்.பி. கெபாசிட்டரை எடுத்தது. நினைத்தது ஒன்று, எடுத்தது ஒன்று.

தவறாகத் தெரிந்துவைத்திருப்பது: பேரிங்கை ஷாஃப்டில் ஏற்றும்போது வெளி வளையத்தில் வைத்து அழுத்துவது. ஷாஃப்டில் ஏற்றினால் உள் வளையத்தில்தான் அழுத்தம் விழ வேண்டும். வெளியே அழுத்தினால் அந்த விசை குண்டுகள் வழியாகப் போய், ஓடுபாதையில் பள்ளம் விழும். பம்ப் ஓடும்போது பேரிங் இரையும். யாரோ முதல் நாள் அப்படிக் காட்டிக்கொடுத்ததால் அவர் அப்படிச் செய்கிறார்.

தெரிந்தே செய்யும் குறுக்கு வழி: டார்க் ரெஞ்சை எடுக்காமல் ரிங் ஸ்பேனரால் முடிப்பது.

பிரிப்பதற்கு ஒரு கேள்வி போதும். “இதை எப்படிச் செய்யணும், சொல்லுங்க” என்று கேளுங்கள். சரியாகச் சொன்னால் அவருக்குப் பயிற்சி தேவையில்லை. கொடுத்தால் அவமானமாகத்தான் எடுத்துக்கொள்வார். தவறாகச் சொன்னால்தான் பயிற்சி. குறுக்கு வழி என்றால், சரியான வழியில் என்ன இடைஞ்சல் என்று தேடுங்கள். எங்கள் டார்க் ரெஞ்ச் நாலு எட்டு தள்ளிச் சுவரில் ஆணியில் தொங்கியது. பேலன்சரில் (கருவியின் எடையைத் தாங்கும் ஸ்பிரிங் தொங்கல்) கட்டித் தலைக்கு மேல் தொங்கவிட்டதும் ரிங் ஸ்பேனரை யாரும் தேடவில்லை.

6. மேசையைச் சரி செய்யுங்கள்

ஜிக் செய்வதற்கு முன் இதை முடிக்க வேண்டும். இது காசில்லாத வேலை. பாதித் தவறு இங்கேயே போய்விடும். மேசை குப்பையாக இருக்கும்போது செய்த ஜிக்கும் அந்தக் குப்பைக்கு ஏற்றபடிதான் அமையும்.

ஒரு பம்புக்கான பாகங்களை ஒரு ட்ரேயில் வையுங்கள். இம்பெல்லர் மேசைக்கு என்றால் கீ, இம்பெல்லர், வாஷர், நட், ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி. பம்ப் அடுத்த மேசைக்குப் போகும்போது குழியில் ஏதாவது மிச்சமிருந்தால் அது விடுபட்டிருக்கிறது. மேலே சொன்ன கீ பிரச்சினை இந்த ட்ரேயில்தான் தீர்ந்தது. இது புது யோசனை ஒன்றும் இல்லை. 1961-ல் ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ, ஸ்விட்சுக்குள் ஸ்பிரிங் வைக்க மறந்த தொழிலாளர்களுக்குச் செய்ததும் இதுவே. இரண்டு ஸ்பிரிங்கையும் முதலில் ஒரு சின்னத் தட்டில் எடுத்து வைக்கச் சொன்னார். தட்டில் மிச்சமிருந்தால் வேலை முடியவில்லை.

ட்ரே நிரப்பும் ஆள் வேறாக இருக்க வேண்டும். அசெம்பிளி செய்பவரே நிரப்பினால், கீயை எடுக்க மறப்பவர் ட்ரேயில் வைக்கவும் மறப்பார்.

ஒரே மாதிரி இருக்கும் பாகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். அடையாளத்துக்கு நிறம் மட்டும் போதாது. சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் சிலர் உண்டு, அவர்களில் பலர் அதை வெளியே சொல்வதில்லை. நிறத்தோடு டப்பாவின் வடிவத்தையும் மாற்றுங்கள். மாடல் மாறும்போது பழைய மாடலின் பாகம் ஒன்றுகூட மேசையில் இருக்கக் கூடாது. ‘நாளைக்கு வேணுமே’ என்று ஓரமாக ஒதுக்கி வைத்த நாலு கெபாசிட்டர்தான் நாளைக்குத் தலைவலி.

வெளிச்சம்: சீல் மேசையிலும் வயரிங் மேசையிலும் வேலை நடக்கும் மட்டத்தில் 500 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) குறையக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்குக்கு நேர் கீழே அளக்காதீர்கள்; ஆள் குனிந்து வேலை செய்யும்போது அவர் நிழல் விழுகிற இடத்தில் அளங்கள்.

மேசை உயரம், எட்டும் தூரம் எல்லாம் உங்களுக்கே தெரியும். அடிக்கடி எடுப்பது முழங்கை எட்டும் தூரத்தில்.

7. இப்போது தடுப்பு: தவறினால் வேலை மேலே போகக் கூடாது

தடுப்புக்கு மூன்று தரம். தவறாகச் செய்யவே முடியாதது முதல் தரம். செய்தால் அங்கேயே நிறுத்துவது இரண்டாம் தரம். செய்தபின் சத்தமோ விளக்கோ காட்டுவது மூன்றாம் தரம். மேலிருந்து யோசித்துக் கீழே வாருங்கள். பலரும் மூன்றில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். லைன் முழுக்க பஸ்ஸர் கத்தினால் ஒரு வாரத்தில் காது பழகிவிடும்.

பேரிங் ஏற்றும் ஹேண்ட் பிரஸ்ஸுக்கு, உள் வளையத்தில் மட்டும் படும்படி ஒரு குழல் கடைந்து போட்டோம். 6204 பேரிங் என்றால் உள்விட்டம் 20 மி.மீ., வெளிவிட்டம் 47. ஷாஃப்டில் தளர்வாக இறங்கி, உள் வளையத்தின் தடிப்புக்குள் அடங்குகிற குழலாக இருந்தால் வெளி வளையத்தில் பட வழியே இல்லை. இது முதல் தரம். லேத்தில் அரை மணி நேர வேலை.

வயரிங்கில், ஒற்றை பேஸ் மோட்டாரின் ஸ்டார்ட்டிங் வைண்டிங் முனைகள் இடம் மாறினால் ஷாஃப்ட் எதிர்த் திசையில் சுற்றும். கனெக்டரைத் திருப்பிச் செருக முடியாத வகையாக மாற்றினால் அங்கேயும் முதல் தரம்.

கேசிங் போல்ட் நான்கும் இறுகியதா என்பதற்கு, எண்ணிக்கை பார்க்கும் நட் ரன்னர் (நட், போல்ட் இறுக்கும் இயந்திரக் கருவி) இரண்டாம் தரம். நாலு தடவை குறித்த இறுக்கம் எட்டினால்தான் பம்பைப் பிடித்திருக்கும் கிளாம்ப் விடும். அதற்குக் காசில்லை என்றால் பெயின்ட் மார்க்கர் கோடு. ஆனால் கோட்டை ஒவ்வொரு போல்டையும் இறுக்கியவுடன் போட வேண்டும். கடைசியில் நாலுக்கும் சேர்த்துப் போட விட்டால், இறுகாத போல்டுக்கும் கோடு விழும். கோடு இருக்கிறதே என்று அடுத்தவரும் நம்பிவிடுவார். இல்லாததைவிட மோசம்.

தடுப்பு வைத்தபின் அது வேலை செய்கிறதா என்று தினமும் சோதிக்க வேண்டும். வேண்டுமென்றே தவறாகச் சேர்த்த ஒரு பம்புக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து வையுங்கள். காலையில் முதல் பம்புக்கு முன் அதை லைனில் விடுங்கள். தடுப்பு அதைப் பிடிக்காவிட்டால் லைன் தொடங்கக் கூடாது. சென்சாரில் தூசி படிந்ததும், யாரோ வயரை நேராக இணைத்து பைபாஸ் செய்ததும் இப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தன.

8. வேலைக் குறிப்பு: படம், ஒரு பக்கம்

எங்கள் லைனில் பாதிப் பேர் பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். தமிழில் பத்திப் பத்தியாக எழுதி மாட்டினால் ஆடிட்டுக்குத்தான் ஆகும். மேசைக்கு ஒரு தாள், ஆறு படத்துக்கு மேல் வேண்டாம். படத்தை வேலை செய்பவர் நிற்கும் பக்கத்திலிருந்து எடுங்கள். எதிரிலிருந்து எடுத்தால் இடம் வலம் மாறித் தெரியும்.

சரியான படத்துக்குப் பக்கத்தில் தவறான படம் ஒன்று, மேலே பெரிய குறுக்குக் கோடு. சீல் மேசைத் தாளில் கார்பன் முகத்தை விரல் தொடுவது போல ஒரு படம் வைத்தோம். விரல் எண்ணெயும் தூளும் அந்தத் தேய்மான முகத்தில் ஒட்டினால் தண்ணீர் சொட்டும். சீலை ரப்பர் ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும். பத்து வரியில் எழுதியும் புரியாதது அந்த ஒரு படத்தில் புரிந்தது.

9. புது ஆளுக்குக் கற்றுத் தருவது

‘அண்ணனோட நின்னு பார்த்துக்கோ’ என்று விட்டால், அண்ணனுடைய குறுக்கு வழியும் சேர்ந்தே வரும். பேரிங் கதை அப்படி வந்ததுதான்.

முதலில் நீங்கள் பேசாமல் ஒருமுறை செய்து காட்டுங்கள். இரண்டாம் முறை ஒவ்வொரு படியிலும் எங்கே தவறும், ஏன் அப்படிச் செய்கிறோம் என்று சொல்லிச் செய்யுங்கள். பிறகு அவர் செய்யட்டும். கடைசியாக, அவர் உங்களுக்குச் சொல்லிக்கொண்டே செய்யட்டும். ஏன் என்பதை அவர் வாயால் சொல்லும்வரை தனியாக விடாதீர்கள். காரணம் தெரியாத படியைத்தான் அவசரத்தில் முதலில் கைவிடுவார்கள்.

வேகத்தை முதல் வாரம் கேட்கக் கூடாது.

10. இடையூறும் ஷிப்ட் மாற்றமும்

கீ கதையில் உண்மையான குற்றவாளி தள்ளுவண்டி. வண்டி வரும் நேரத்தை டீ இடைவேளைக்கு மாற்றினோம், கையெழுத்தை சூப்பர்வைசர் மேசைக்கு மாற்றினோம். கேட்பாரற்றுக் கிடந்த இரண்டு சின்ன விஷயம்.

எல்லா இடையூறையும் தடுக்க முடியாது; போன் வரும், கரண்ட் போகும். அதற்கு ஒரு பழக்கம்: கை விட்டுப் போனால், திரும்பி வந்ததும் மூன்று படி பின்னால் போய்த் தொடங்க வேண்டும். விமானப் பராமரிப்பில் சொல்லித் தரும் விதி இது. பத்து, பதினைந்து விநாடி போகும். 20 நிமிட ரீவொர்க்கோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஷிப்ட் முடியும்போது பாதி சேர்த்த பம்பை மேசையில் விட்டுப் போகக் கூடாது. வேறு வழியில்லை என்றால் சிவப்பு அட்டை கட்டி, கடைசியாக முடித்த படியை அதில் எழுதிவிட்டுப் போக வேண்டும். அடுத்து வருபவர் ஊகித்துத் தொடங்கினால் ஒரு படி கட்டாயம் விழும்.

11. இன்சென்டிவைப் பாருங்கள்

மேலே உள்ள பத்தும் செய்து, எண்ணிக்கைக்கு மட்டும் காசு கொடுத்தால் எல்லாம் வீண். ரீவொர்க் செய்து வெளியே போன பம்பும் கணக்கில் ஏறினால், முதலில் அரைகுறையாகத் தள்ளிவிட்டுப் பிறகு சரிசெய்வதுதான் லாபம் என்று ஆகிறது. முதல் தடவையே டெஸ்டில் தேறிய பம்புக்கு மட்டும், தனி ஆளுக்கு இல்லாமல் லைன் முழுமைக்கும் சேர்த்துக் கொடுங்கள். அப்போது நாலாவது மேசைக்காரர் மூன்றாவது மேசையின் சீலையும் ஒரு பார்வை பார்த்துத்தான் கை வைப்பார்.

12. மறுபடி எண்ணுங்கள்

ஒரு மாதம் கழித்து, அதே தாள், அதே நான்கு கட்டம், இரண்டு வாரம். ஒரே சமயத்தில் ஒரு மேசையில் ஒரு மாற்றத்துக்கு மேல் செய்திருந்தால் எது வேலை செய்தது என்று தெரியாது; அடுத்த சுற்றிலாவது ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் மேலாளரிடம் முன்பே சொல்லி வையுங்கள். இரண்டாம் எண்ணிக்கையில் சில தவறுகள் கூடித்தான் தெரியும். முன்பு வெளியே சொல்லாமல் மேசைக்கடியில் வைத்துச் சரிசெய்தவர்கள் இப்போது தாளில் எழுதத் தொடங்கியிருப்பார்கள். அந்த வாரம் யாரையும் கூப்பிட்டுத் திட்டாமல் பார்த்துக்கொண்டால், தாளில் எண்கள் ஏறும்போதே ரீவொர்க் மேசையில் பம்ப் குறைவதைப் பார்க்கலாம். நம்ப வேண்டியது அந்த மேசையைத்தான்.